டிரெய்லர் ஏன் வாலாட்டுகிறது?

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் டிப்ளமோ மாணவன் ஒருவன் எழுதுவது)



நம் மாணவர் மன்ற ஆண்டு மலரில் கவிதை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்கு வருவது வண்டி. அதனால் நம் பாடத்திட்டத்தில் ஒன்றிரண்டு வரியோடு நின்றுவிடும் ஒரு விஷயத்தை இங்கே பாடமாகவே எழுதுகிறேன். ஆட்டோமொபைல் பிரிவு மட்டுமல்ல, சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்களும் படிக்கலாம். முதலாண்டு மெக்கானிக்ஸில் படித்த திருப்புத்திறன் ஞாபகம் இருந்தால் போதும்.

விஷயம் இதுதான். ஒரு பிக்கப் வண்டி பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு வேகம் வரை ஒழுங்காக வருகிறது. அதைத் தாண்டியதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கிறது. ஆட்டம் தானாகப் பெரிதாகிறது. கடைசியில் டிரெய்லர் கவிழ்கிறது, இல்லையென்றால் பிக்கப்பையும் சேர்த்துத் திருப்பிப் போட்டுவிடுகிறது. இதற்குப் "பாம்பு ஆட்டம்" என்று பெயர் சொல்லலாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டு வண்டியையும் படகையும் பிக்கப்பில் கட்டி இழுப்பவர்களுக்கு இது பழகிய ஆபத்து. நம் ஊரில் வீட்டு வண்டி அபூர்வம். ஆனால் கலவை மிஷின், கம்ப்ரஸர், திருவிழா ஜெனரேட்டர் எல்லாம் அப்படித்தானே போகின்றன?

அம்பும் டிரெய்லரும்

சின்ன வயதில் துடைப்பக் குச்சியில் அம்பு செய்து விட்டிருப்போம். முனையில் கொஞ்சம் களிமண் ஒட்டினால் நேராகப் போகும். களிமண்ணை வாலில் ஒட்டினால் காற்றில் திரும்பிக்கொள்ளும். காரணம், அம்பின் வாலைக் காற்று பிடித்துக்கொள்கிறது, பாரம் அதற்கு முன்னால் இருக்கிறது. பிடிமானம் பின்னால், பாரம் முன்னால் என்றால் பொருள் நேராகப் போகும்.

டிரெய்லருக்குப் பிடிமானம் தருவது டயர். ஆகவே டிரெய்லரின் மொத்த எடை மையம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். அப்படி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் அளந்து சொல்லலாம். எடை மையம் அச்சுக்கு முன்னால் இருந்தால் டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் கொக்கியைக் கீழே அழுத்தும். இந்த அழுத்தத்தை "மூக்கு பாரம்" என்று வைத்துக்கொள்வோம். எடை மையம் பின்னால் போனால் மூக்கு மேலே தூக்கும். அப்போது இரட்டைக் கேடு. டிரெய்லர் வாலில் களிமண் ஒட்டிய அம்பாகிறது. பிக்கப்பின் பின்புறமும் தூக்கப்படுவதால் அதன் பின் டயர்களுக்கு ரோட்டில் பிடிப்பு குறைகிறது. ஆட்டத்தை அடக்க வேண்டிய டயரே அதுதான்.

மூக்கு பாரம் எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது பொதுவான விதி. பிரிட்டனில் கேரவன் இழுப்பவர்களுக்கு 5 முதல் 7 சதவீதம் என்று சொல்கிறார்கள். அங்கே கார்கள் சிறியவை, கேரவனுக்கு வேக வரம்பும் உண்டு. எந்தக் கணக்கானாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்பதில் இரண்டு ஊரும் ஒன்று.

வேகம் கூடினால் ஏன் அடங்குவதில்லை?

"நாற்பதில் போனா ஆடல, அறுபதில் ஆடுது. அதே வண்டி, அதே லோடு, ஏன்?" இதுதான் நான் முதலில் கேட்ட கேள்வி. பதில் டயரில் இருக்கிறது.

டயர் எந்தத் திசையைப் பார்த்து உருளுகிறதோ, அதிலிருந்து சற்று விலகி நகரும்போது ரப்பர் முறுகிப் பக்கவாட்டு விசை உண்டாகிறது. விலகும் கோணம் கூடினால் விசையும் கூடும். இந்த விசைதான் ஆட்டத்தை அடக்கும் பிரேக்.

டிரெய்லர் ஆடும்போது டயர் பக்கவாட்டில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் போகிறது. பத்துக்கு ஒன்று, கோணம் ஏறக்குறைய 5.7 டிகிரி. வேகத்தை 72 கி.மீ. ஆக்குங்கள், நொடிக்கு 20 மீட்டர். இருபதுக்கு ஒன்று, கோணம் 2.9 டிகிரிதான். வேகம் இரண்டு மடங்கானால் அடக்கும் விசை பாதியாகிறது. ஆனால் டிரெய்லரை நடுவுக்கு இழுத்து மறுபக்கம் அனுப்பும் விசை வேகத்தால் குறைவதில்லை. ஆக ஊஞ்சல் அதேதான், ஊஞ்சலை நிறுத்தும் கை மட்டும் தளர்ந்துபோகிறது.

இதோடு இன்னொன்று சேர்கிறது. டிரெய்லர் ஆடும்போது கொக்கியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கொக்கி பிக்கப்பின் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு மீட்டர் ஒரு கடப்பாரை மாதிரி. பிக்கப்பின் வாலை வலமாகத் தள்ளினால் அதன் முகம் இடமாகத் திரும்பும். பிக்கப் திரும்பினால் டிரெய்லர் மறுபடி ஆடும். ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்கின்றன. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அடக்குவதைவிட ஊட்டுவது அதிகமாகிவிடுகிறது. அதைத் தாண்டினால் எதிரே வரும் பஸ்ஸின் காற்றோ சின்னப் பள்ளமோ போதும், ஆட்டம் வளர ஆரம்பிக்கும்.

கண்டெய்னர் லாரிகள் இந்த மாதிரி ஆடுவது அரிது, கவனித்திருக்கிறீர்களா? அவற்றில் டிரெய்லரின் மூக்கு இழுக்கும் வண்டியின் பின் அச்சுகளை ஒட்டி மேலே உட்காருகிறது. கடப்பாரை நீளமே இல்லை. அமெரிக்காவில் பெரிய டிரெய்லரை இழுக்கும் பிக்கப்களிலும் இதே முறையில் தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலேயே இணைப்பை வைக்கிறார்கள்.

ஒரு உண்மைக் கணக்கு

இப்போது நான் இதைப் படிக்கக் காரணமான சம்பவத்துக்கு வருகிறேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஒரு சீரியல் செட் கடையில் பிக்கப் ஓட்டுகிறார். எட்டாவது வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வந்த முதல் ஆள் நான். என் முதல் வருட ஃபீஸில் பாதி அவர் கொடுத்தது.

மூன்று நாள் கோயில் திருவிழா. ஜெனரேட்டர் டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தி, விளக்குப் போட்டு, நாலாம் நாள் விடியற்காலை திரும்பும்போது பைபாஸில் டிரெய்லர் ஆடிக் கவிழ்ந்தது. டிரெய்லரில் உட்கார்ந்து வந்த பையனுக்குக் கை முறிந்தது. கடையில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "போகும்போது லோடு அதிகம், அப்ப ஒண்ணும் ஆகல. வரும்போது லோடு கம்மி, அப்ப கவிழ்ந்திருக்கு. டிரைவர் தூங்கியிருக்கான்." ரிப்பேர் செலவு அண்ணன் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்பட்டது.

டிரெய்லர் ரிப்பேர் ஆகி வந்த பிறகு நானும் அண்ணனும் அதை எடை மேடையில் ஏற்றினோம். மூக்கைத் தனியாக எடை போட்டோம். எண்களை முழு எண்ணாக்கித் தருகிறேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஜெனரேட்டரோடு டிரெய்லர் எடை 900 கிலோ. அப்போது மூக்கு பாரம் 60 கிலோ. கொக்கியிலிருந்து அச்சு வரை 2.5 மீட்டர்.

சூத்திரம் சுலபம். ஒரு பாரத்தை அச்சுக்கு முன்னால் வைத்தால், அதன் எடையை அச்சிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கி 2.5-ஆல் வகுத்தால் மூக்கில் கூடும் பாரம் வரும். அச்சுக்குப் பின்னால் வைத்தால் அதே அளவு குறையும்.

போகும்போது:
டீசல் பேரல் 165 கிலோ, அச்சுக்கு 1 மீட்டர் முன்னால். 165 × 1 ÷ 2.5 = 66 கிலோ கூடும்.
கேபிள், கிளாம்ப் எல்லாம் 100 கிலோ, அரை மீட்டர் முன்னால். 100 × 0.5 ÷ 2.5 = 20 கிலோ கூடும்.
மூக்கு பாரம் 60 + 66 + 20 = 146 கிலோ. மொத்த எடை 1165 கிலோ. 12.5 சதவீதம். அருமையான லோடு.

வரும்போது:
மூன்று நாளில் டீசல் தீர்ந்தது. காலி பேரல் பிக்கப்பில் ஏறிவிட்டது. கேபிளைச் சுருட்டியவர்கள் தூக்கக் கலக்கத்தில் பின் கதவைத் திறந்து வாலிலேயே போட்டுவிட்டார்கள். அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால். 100 × 1.5 ÷ 2.5 = 60 கிலோ குறையும்.
மூக்கு பாரம் 60 − 60 = 0. மொத்த எடை 1000 கிலோ. பூஜ்யம் சதவீதம்!

நண்பர்களே, 165 கிலோ குறைந்த பிறகுதான் அந்த டிரெய்லர் ஆபத்தாகியிருக்கிறது. "லோடு கம்மி, அதனால் டிரைவர்தான் தப்பு" என்ற வாதம் இந்தக் கணக்கில் நிற்கவில்லை. அதே 100 கிலோ கேபிளைப் பேரல் நின்ற இடத்தில், 1 மீட்டர் முன்னால் வைத்திருந்தால்? 40 கிலோ கூடி மூக்கு பாரம் 100 ஆகியிருக்கும். சரியாக 10 சதவீதம். நாலு அடி எடுத்து வைத்து முன்னால் போட்டிருந்தால் போதும்.

இதை ஒரு தாளில் எழுதி அண்ணன் கடைக்காரரிடம் கொடுத்தார். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைப் போட்டது யாரு?" என்று கேட்டாராம். பிடித்த பணம் திரும்பவில்லை. ஆனால் அதற்கு மேல் பிடிக்கவும் இல்லை. லோடு ஏற்றும்போது டிரைவர் பக்கத்தில் நிற்க வேண்டும், டிரெய்லரில் ஆள் ஏறக்கூடாது என்று கடையில் சட்டமே வந்துவிட்டது.

மூக்கு பாரத்தை அளப்பது எப்படி?

டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மூக்கின் கீழே, கொக்கியின் அதே உயரத்துக்குக் கட்டை அடுக்கி, அதை ஒரு தராசின் மேல் நிறுத்துங்கள். பழைய இரும்புக் கடையில் இருக்கும் மேடைத் தராசு போதும்.

ஆள் எடை பார்க்கும் சின்னத் தராசு மட்டும்தான் இருக்கிறதா? ஒரு கனமான பலகையின் ஒரு முனையைச் செங்கல் மீதும், மூன்று அடி தள்ளி மறுமுனையைத் தராசு மீதும் வையுங்கள். செங்கல்லிலிருந்து ஒரு அடியில் மூக்கை இறக்குங்கள். தராசு மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். நெம்புகோல் தத்துவம் பரீட்சைக்கு மட்டும் அல்ல!

சரி, அதிகமாக வைத்துவிட்டால்?

அதுவும் கூடாது. பிக்கப்பின் முன், பின் அச்சுக்கு நடுவே 3 மீட்டர், கொக்கி பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் என்றால், 146 கிலோ மூக்கு பாரம் முன் சக்கரங்களிலிருந்து 49 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சில் 195 கிலோ ஏறும். இதை இரண்டு மடங்காக்கினால் ஸ்டியரிங் லேசாகும், பின் பட்டை உட்காரும், இரவில் ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும். வண்டிக்கும் கொக்கிக்கும் குறித்த வரம்பைத் தாண்டக்கூடாது.

இன்னொரு தந்திரம் தந்திரமாகவே முடியாது. மூக்கில் ஒரு பாரம், வாலில் ஒரு பாரம் வைத்துச் சமன் செய்வது. தராசு சரியாகக் காட்டும், டிரெய்லர் சரியாக ஓடாது. கம்பின் இரண்டு முனையிலும் கல்லைக் கட்டிச் சுழற்றினால் நிறுத்துவது கஷ்டம். அதே கற்களை நடுவில் கட்டினால் சுலபம். கனமானதை அச்சுக்குச் சற்று முன்னால் நெருக்கமாக, தாழ்வாக அடுக்க வேண்டும். பிரிட்டனில் பாத் பல்கலைக்கழகத்தினர் 2009-இல் வெளியிட்ட சோதனையிலும், டிரெய்லரின் சுழல் நிலைமம், மூக்கு பாரம், அச்சு இருக்கும் இடம் ஆகிய மூன்றும்தான் பெரிதாகப் பாதிக்கின்றன என்று கண்டார்கள். மொத்த எடை மட்டும் அவ்வளவு பாதிப்பதில்லை.

கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

1. டயர் காற்று. டிரெய்லர் டயர் இரண்டிலும் சமமாக, குறித்த அளவு. பிக்கப்பின் பின் டயரையும் மறக்க வேண்டாம். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் நெளியும், பிடிமானம் தளரும்.

2. பின்னும் கண்ணும். தேய்ந்த பின், அகன்ற கண் என்றால் கொக்கியிலேயே லொடலொடப்பு. "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி. தேய்ந்த ஆணியோடு ஓடும் தேரும் ஆடிக்கொண்டுதான் ஓடும்.

3. வீல் பேரிங், வீல் நட், பட்டையைப் பிடிக்கும் யு போல்ட்.

4. அச்சு கோணலா? கொக்கிக் கண்ணிலிருந்து இடது சக்கர மையத்துக்கும் வலது சக்கர மையத்துக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும்.

5. டிரெய்லர் தளம் மட்டமாகவோ மூக்கு கொஞ்சம் தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நிற்கக்கூடாது.

6. பாதுகாப்புச் சங்கிலி. இது ஆட்டத்தை நிறுத்தாது, ஆனால் பின் கழன்றால் உயிரைக் காக்கும்.

ஆட ஆரம்பித்துவிட்டால்?

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடியுங்கள். வேகம் தானாக இறங்கட்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் போடுங்கள். அது டிரெய்லரைப் பின்னால் இழுத்து நேராக்கும். பிறகு ஓரமாக நிறுத்தி லோடைப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை மூன்று. ஒன்று, பிக்கப் பிரேக்கை ஓங்கி மிதிப்பது. டிரெய்லர் பின்னாலிருந்து முட்டி, பேனாக்கத்தி மடிவது மாதிரி மடித்துவிடும். இறக்கத்தில் ஆட்டம் அதிகமாவதும் இந்த முட்டலால்தான். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். இரண்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பது. ஒரு ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு வினாடிதான். நாம் பார்த்து ஒடிப்பதற்குள் டிரெய்லர் மறுபக்கம் வந்துவிடும். நாம் ஊஞ்சலைத் தள்ளிவிட்டவர்கள் ஆவோம். மூன்று, "வேகமாப் போனா நேராயிடும்" என்று மிதிப்பது. டிரைவர்களிடம் இந்த நம்பிக்கை நிறைய இருக்கிறது. மேலே போட்ட டயர் கணக்கைப் பார்த்தால் அதன் விளைவு தெரியும்.

கருவிகள் உண்டா?

உண்டு. கொக்கிக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் நடுவே உராய்வுப் பட்டை வைத்து, திரும்புவதைச் சற்று இறுக்கமாக்கும் கருவி ஒன்று. மூக்கு பாரத்தின் ஒரு பகுதியை ஸ்பிரிங் கம்பிகளால் பிக்கப்பின் முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிரும் கொக்கி இன்னொன்று. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து இலகு வாகனங்களுக்கு மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். அதையே விரிவாக்கி, டிரெய்லர் ஆடுவதை உணர்ந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் கொடுக்கும் வசதி பல பிக்கப்களில் வருகிறது. இவை எல்லாம் உதவிதான், தப்பாக ஏற்றிய லோடுக்கு மருந்து அல்ல.

வேகம்தான் விலையில்லாத கருவி. ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவாக 80 கி.மீ. வரம்பு, தனி அனுமதி பெற்றால் ஆட்டோபானில் 100. கலிபோர்னியாவில் 55 மைல், அதாவது 88 கி.மீ. நல்ல ரோடும் நல்ல டிரெய்லரும் உள்ள ஊர்களிலேயே இப்படி என்றால், நம் ஊர் டிரெய்லருக்கு இன்னும் கீழேதான் இருக்க வேண்டும்.

முடிவாக

நம்மில் பலர் நாளை சர்வீஸ் ஸ்டேஷனிலும் காண்ட்ராக்டரிடமும் சூபர்வைசராகப் போவோம். நமக்குக் கீழே, நம்மைவிட வயதில் மூத்த, நம் அளவு படிக்காத டிரைவர் அண்ணன்கள் இருப்பார்கள். வண்டி கவிழ்ந்தால் முதல் வார்த்தை "டிரைவர் சரியில்லை" என்பதாகத்தான் வரும். அந்த வார்த்தையைச் சொல்லுமுன் ஒரு தராசையும் டேப்பையும் எடுப்போம்.

ஒரு சின்ன வேலையும் சொல்கிறேன். உங்கள் ஊரில் எந்த இரண்டு சக்கர டிரெய்லரைக் கண்டாலும், உரிமையாளரிடம் கேட்டு, அச்சுக்கு நேர் மேலே இரு பக்கத்திலும் ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். "கனமான சாமான் இந்தக் கோட்டுக்கு முன்னால்" என்று தமிழில் எழுதுங்கள். லோடு ஏற்றுகிறவருக்குச் சதவீதம் தெரிய வேண்டியதில்லை. கோடு தெரிந்தால் போதும். அரை லிட்டர் பெயிண்ட்கூட ஆகாது.